சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்: எந்த வழியில் சொல்லித் தருவது?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வாக்கிய வகைகளை எங்கிருந்து தொடங்குவது? வரையறையைப் பலகையில் எழுதி வகை பிரிக்கச் சொல்வதா? படம் போட்டுக் காட்டுவதா? சின்னச் சின்ன வாக்கியங்களைக் கொடுத்து இணைக்கச் சொல்வதா? பாடத்தில் வரும் நல்ல வாக்கியம் ஒன்றை எடுத்து அதே அமைப்பில் எழுத வைப்பதா? வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு.

நான்கையும் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் எனக்குத் தெரிந்தது முதல் வழி மட்டும்தான். ஒரு ஏழாம் வகுப்பில் ஆறு வாரம் வகை பிரித்தல் நடத்தினேன். சோதனையில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்த வாரம் விடுமுறை பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். சோதனையில் ஒரு பிழைகூட விடாத மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்:

"வீ வென்ட் டு மை அங்கிள்ஸ் ஹவுஸ். ஐ டிட் நாட் பிளே. பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர். மை பிரதர் பிளேட். ஹீ ஃபெல் டவுன். வீ கேம் ஹோம்."

காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தில் ஒரு முதன்மைத் தொடரும் அதைச் சார்ந்த தொடர் ஒன்றோ பலவோ இருக்கும் என்று அச்சுப் பிசகாமல் சொன்னவள் அவள். அவள் நோட்டிலேயே சார்புத் தொடர் ஒன்று முற்றுப்புள்ளி வைத்துத் தனியாக நிற்கிறது. நான் பழக்கியது வகை பிரிக்க, கேட்டது எழுத. இரண்டும் வேறு வேறு வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

(மெயின் கிளாஸ், சபார்டினேட் கிளாஸ் என்று வகுப்பில் சொல்வதைத்தான் முதன்மைத் தொடர், சார்புத் தொடர் என்று எழுதுகிறேன். எழுவாயும் வினையும் சேர்ந்து வரும் பகுதிதான் தொடர். முதன்மைத் தொடர் ஒன்று மட்டும் இருந்தால் சிம்பிள், ஒன்றுக்கு மேல் இணைந்தால் காம்பவுண்ட், அதோடு சார்புத் தொடரும் சேர்ந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ். ஆங்கில எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள். வாக்கிய அமைப்பு முதலில் காதில்தான் பிடிபடும்.)

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பிள்ளை தானாக எழுதும்போது அது எழுத்தில் வருகிறதா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நான் இரண்டு மடங்கு எடை கொடுக்கிறேன். இரண்டாவது, ஆசிரியருக்கு ஆகும் நேரம். தயாரிக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும். திருத்தும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவோம். மூன்றாவது தேர்வு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது பிள்ளைக்கு நியாயமில்லை. நான்காவது, பின்தங்கிய பிள்ளைக்கு இது கை கொடுக்குமா என்பது.

ஐந்தாவது, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வழி தொடுகிறதா என்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்காக எழுதிய பயிற்சிப் புத்தகங்களில் இது இருக்காது. தமிழ் வாக்கியத்துக்கும் ஆங்கில வாக்கியத்துக்கும் கட்டுமானமே வேறு. "மழை பெய்ததால் விளையாடவில்லை" என்கிறோம். இரண்டு செய்திகளையும் இணைக்கிற "ஆல்", வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இணைப்பு வாலிலிருந்து கழன்று, தொடரின் தலையில் "பிகாஸ்" என்று தனிச்சொல்லாக உட்காருகிறது. "நேற்று வந்த பையன்" என்பதில் பையனுக்கு முன்னால் வரும் பெயரெச்சம், "த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே" என்று பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. "எழுந்து, பல் தேய்த்து, பையை எடுத்துக்கொண்டு ஓடினான்" என்பதில் நான்கு செயல்கள் இருந்தும் வினைமுற்று ஒன்றுதான். அதுவே ஆங்கிலத்தில் "ஹீ காட் அப், பிரஷ்ட் ஹிஸ் டீத், டுக் ஹிஸ் பேக் அண்ட் ரேன்" என்று நான்கு முற்றுவினையாக விரிகிறது. இத்தனைக்கும் அது சிம்பிள் வாக்கியம்தான், எழுவாய் ஒன்றே என்பதால்.

அந்த மாணவியின் "பிகாஸ்" எங்கிருந்து வந்தது என்பதும் இதில்தான் இருக்கிறது. "நான் விளையாடவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்." தமிழில் இது குறையில்லாத நடை. அவள் கவனக்குறைவாக எழுதவில்லை. தன் மொழிக்கு உண்மையாக எழுதியிருக்கிறாள். இந்த வேறுபாட்டைத் தொடாத எந்த வழியும் நம் பிள்ளைகளுக்குப் பாதி வழிதான்.

## வரையறை சொல்லி வகை பிரிக்க வைப்பது

இதன் பலம் சொற்கள். ஆசிரியரும் பிள்ளையும் ஒரே பெயரால் ஒன்றைக் குறிக்க முடிந்தால், "இங்கே சார்புத் தொடர் தனியாக நிற்கிறது பார்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். தயாரிப்பு அதிகமில்லை. விடை ஒன்றே என்பதால் நாற்பது நோட்டை ஒரு மாலையில் திருத்திவிடலாம். வகை கண்டறி, வகை மாற்றி எழுது என்ற கேள்விகளுக்கு நேரடிப் பயிற்சியும் இதுதான்.

மறைந்திருக்கும் செலவு, பிள்ளைகள் கண்டுபிடிக்கும் குறுக்குவழி. "அண்ட் வந்தால் காம்பவுண்ட்" என்று ஒருவன் சொல்வான், வகுப்பே பிடித்துக்கொள்ளும். "த கேட் அண்ட் த டாக் ஸ்லெப்ட்" என்று எழுதிப் போட்டால் எல்லோரும் காம்பவுண்ட் என்பார்கள். இரண்டு பெயர்களைத்தான் "அண்ட்" சேர்க்கிறது, வாக்கியம் சிம்பிள். "ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ" என்ற ஏழையும் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்தவன், "ஐ வெயிட்டட் ஃபார் த பஸ்" என்பதையும் காம்பவுண்டில் சேர்த்துவிடுவான். "ஆஃப்டர் லன்ச், வீ ஸ்லெப்ட்" சிம்பிள். "ஆஃப்டர் வீ ஏட் லன்ச், வீ ஸ்லெப்ட்" காம்ப்ளெக்ஸ். "ஆஃப்டர்" இரண்டிலும் இருக்கிறது. அதன் பின்னால் எழுவாயும் வினையும் சேர்ந்து வருகின்றனவா என்பதுதான் வேறுபாடு. இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அடையாளச் சொல்லைத் தேட விடாதீர்கள். வினைக்கு அடிக்கோடு, அதன் எழுவாய்க்கு வட்டம். எண்ணிக்கை வந்த பிறகுதான் வகையின் பெயர்.

இரண்டாவது செலவு, இரண்டு பட்டியல்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்பது வாக்கியம் செய்யும் வேலையை வைத்துப் பிரித்தது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்பது கட்டுமானத்தை வைத்துப் பிரித்தது. "டூ யூ நோ வை ஹீ லெஃப்ட்?" வேலையால் வினா, கட்டுமானத்தால் காம்ப்ளெக்ஸ். இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்த நாளில் நடத்தினால், "இது இன்ட்டராகேட்டிவா, காம்ப்ளெக்ஸா?" என்று பிள்ளை கேட்கும். வேலை சார்ந்த நான்கையும் இரண்டு வகுப்பில் முடித்துவிடலாம். தமிழிலும் அதே நான்கு இருப்பதால் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மிச்ச நாட்களைக் கட்டுமானத்துக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, "முழுமையான கருத்தைத் தருவது வாக்கியம்" என்ற பழைய வரையறை. "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்பது அந்த மாணவிக்கு முழுமையான கருத்துதான். அவளிடம் வரையறையைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. ஆம்-இல்லை என்று பதில் வரும் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். "ஹீ ஃபெல் டவுன்" என்பது "டிட் ஹீ ஃபால் டவுன்?" என்று மாறும். "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" மாறாது. மாற்றிப் பார்க்கும்போதே காது இடறும். செய்தி வாக்கியத்துக்கு மட்டும்தான் இந்தச் சோதனை பொருந்தும், ஆனால் நோட்டில் பிழை வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எழுத்தில் வந்து சேர்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் சாதகமாக இல்லை. எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து ரிச்சர்ட் பிராடக்கும் இன்னும் இருவரும் 1963-ல் வெளியிட்ட அறிக்கை, இலக்கணத்தைத் தனியாகக் கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை, எழுதும் நேரத்தை அது பறித்துக்கொண்டால் தீங்கும் நேரலாம் என்றது. 2007-ல் ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எழுத்தின் தரத்தின் மீது இலக்கணப் பாடத்தின் விளைவு அளவு −0.32, வாக்கியம் இணைத்தலின் விளைவு அளவு 0.50 என்று கணக்கு வந்தது. (விளைவு அளவு என்பது ஒரு வழி எழுத்தை எவ்வளவு மாற்றியது என்று காட்டும் எண். கழித்தல் குறி இருந்தால் தரம் இறங்கியது என்று பொருள்.) இதை வைத்து இலக்கணமே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நடத்தும் இலக்கணத்தைப் பற்றிய கணக்கு அது.

இரண்டு வாரத்தில் தேர்வு இருந்தால் இந்த வழியே சரி. ஏற்கெனவே பலவகை வாக்கியம் எழுதுகிற பிள்ளைக்குப் பெயர் மட்டும் தெரியாமல் இருந்தாலும் இதுவே போதும், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

## படமாகப் போட்டுக் காட்டுவது

வாக்கியத்தைப் படமாக வரையும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. ஸ்டீபன் கிளார்க் 1847-ல் சொற்களைக் குமிழிகளுக்குள் அடைத்துக் காட்டினார். அலன்ஸோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் 1877-ல் அதைக் கோடுகளாக மாற்றினார்கள். இன்றும் புழக்கத்தில் இருப்பது அதுதான். படுக்கைக் கோடு ஒன்று போட்டு, எழுவாயையும் பயனிலையையும் பிரிக்க அதை வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு கோடு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே, படுக்கைக் கோட்டைத் தாண்டாத குட்டைக் கோடு. அடைமொழிகள் கீழே சாய்கோட்டில். சார்புத் தொடருக்குத் தனிப் படுக்கைக் கோடு, புள்ளிக்கோட்டால் முதன்மைத் தொடரோடு கட்டப்பட்டிருக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. எழுவாய் இடம் காலியாக இருந்தால் படத்தில் பளிச்சென்று தெரியும். "வந்தான்" என்றால் தமிழில் போதும், வந்தது ஒரு ஆண் என்பதை வினையே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "கேம்" என்றால் வந்தது யார்? "இது என் வீடு" என்பதில் வினையே இல்லை. "திஸ் மை ஹவுஸ்" என்று எழுதுகிற பிள்ளைக்கு, செங்குத்துக் கோட்டின் வலப்பக்கம் காலியாக இருப்பதைக் கையால் தொட்டுக் காட்டலாம். எழுவாயோ வினையோ விடுபடும் பிழைக்கு இதைவிட வேகமான மருந்தை நான் பார்க்கவில்லை. புதிர் போடுவதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு, சொல் வரிசை படத்தில் தொலைந்துபோவது. "ஐ ரைஸ் ஏட்" என்று எழுதினாலும் "ஐ ஏட் ரைஸ்" என்று எழுதினாலும் படம் ஒன்றுதான், எழுவாய்க்கும் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் அவரவர் இடம் முன்பே போட்டிருப்பதால். தமிழ் வரிசையில் ஆங்கிலம் எழுதும் பிள்ளைக்கு வேண்டியதே வரிசைதான். இன்னொரு செலவு நேரம். ஒரு காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தை நாற்பது பேர் வரைந்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடும். கோட்டின் விதிகளே தனிப் பாடமாகி, எந்தக் கோடு சாய வேண்டும் என்ற கவலையில் வாக்கியம் பின்னால் போய்விடும்.

அதனால் முழு வரைபடத்துக்குப் பதிலாக எஸ் (எழுவாய்), வி (வினை), ஓ (செயப்படுபொருள்), சி (எழுவாயையோ செயப்படுபொருளையோ விளக்கும் நிரப்பி), ஏ (இடம், காலம் போன்றவற்றைச் சொல்லும் வினையடை) என்ற எழுத்துக் குறிகளைப் பயன்படுத்துகிறேன். வரிசை மாறாமல் சொற்களின் மேலேயே குறி விழும். ராண்டால்ஃப் குவர்க்கும் உடன் ஆசிரியர்களும் 1985-ல் வெளியிட்ட பெரிய இலக்கணம், ஆங்கிலத் தொடர்களின் அடிப்படை அமைப்பை ஏழில் அடக்குகிறது: எஸ்வி, எஸ்விஓ, எஸ்விசி, எஸ்விஏ, எஸ்விஓஓ, எஸ்விஓசி, எஸ்விஓஏ. நடுநிலைப் பள்ளிக்கு முதல் நான்கோடு எஸ்விஓஓவும் சேர்ந்தால் தாராளம். "ஷி கேவ் மீ எ புக்" என்பதில் இரண்டு ஓ எங்கே என்று கேட்டால் வகுப்பு சுறுசுறுப்பாகும்.

பிள்ளைக்கு ஒற்றை வாக்கியமே சரியாக வராதபோது இந்த வழிதான் முதலில் வர வேண்டும். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தரும்போது முழு வரைபடமும் பலன் தரும். பெரிய வகுப்புக்கு எழுத்துக் குறி போதும்.

## சின்ன வாக்கியங்களை இணைக்க வைப்பது

நான் நின்று பேச விரும்புவது இங்கேதான். பலகையில் இந்த நான்கை எழுதுங்கள்:

"த ஓல்ட் மேன் ஹேட் எ டாக். த டாக் வாஸ் பிளைண்ட். இட் வெயிட்டட் அட் த கேட் எவ்ரி ஈவ்னிங். இட் நியூ ஹிஸ் ஸ்டெப்ஸ்."

ஒன்றாகவோ இரண்டாகவோ ஆக்கு, எதையும் விடாதே, எதையும் புதிதாகச் சேர்க்காதே. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு மாணவன் எழுதினான்: "த ஓல்ட் மேன் ஹேட் எ டாக் அண்ட் இட் வாஸ் பிளைண்ட் அண்ட் இட் வெயிட்டட் அட் த கேட் எவ்ரி ஈவ்னிங் அண்ட் இட் நியூ ஹிஸ் ஸ்டெப்ஸ்." பிழையில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி: "த ஓல்ட் மேன் ஹேட் எ டாக் விச் வாஸ் பிளைண்ட், பட் இட் வெயிட்டட் அட் த கேட் எவ்ரி ஈவ்னிங் பிகாஸ் இட் நியூ ஹிஸ் ஸ்டெப்ஸ்." இரண்டையும் வாய்விட்டுப் படித்து, "எது உங்களுக்குப் பிடிக்கிறது?" என்று கேட்டேன். "இரண்டாவது" என்றார்கள். "ஏன்?" கொஞ்சம் அமைதி. பிறகு முதல் வரிசைப் பையன் சொன்னான்: "பட் போட்டதால, கண்ணு தெரியாமலும் காத்திருந்துச்சுன்னு தெரியுது சார்."

வரையறையால் நான் ஆறு வாரம் சொல்ல முயன்றதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். இணைப்புச் சொல் என்பது பசை மட்டுமல்ல, இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்பதைச் சொல்கிற சொல். அவள் எழுதியது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று அதற்குப் பிறகுதான் பெயர் சொன்னேன். செய்து முடித்த பொருளுக்குப் பெயர் வைத்தால் பெயர் மறப்பதில்லை.

அடுத்த கட்டமாக, எது முதன்மைத் தொடரில் வர வேண்டும் என்பதைப் பேசலாம். "தோ ஹீ வாஸ் டயர்ட், ஹீ ஃபினிஷ்ட் த ரேஸ்." "தோ ஹீ ஃபினிஷ்ட் த ரேஸ், ஹீ வாஸ் டயர்ட்." செய்தி அதேதான். முதலாவதைப் படித்தால் அடுத்து வெற்றியைப் பற்றி வரும் என்று எதிர்பார்ப்போம். இரண்டாவதைப் படித்தால் அவன் உடல்நிலையைப் பற்றி. சார்புத் தொடரில் போனது பின்னணிக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். புரிந்த பிறகு "தோ" போட்டுவிட்டு "பட்"டையும் சேர்க்கும் பிழையை நானே திருத்த வேண்டியிருப்பதில்லை. உறவைச் சொல்ல ஒரு சொல் போதும் என்று அவர்களே அடித்துவிடுகிறார்கள்.

தமிழ் வேறுபாட்டையும் இங்கே எளிதாகத் தொடலாம். "மழை பெய்தது. நாங்கள் விளையாடவில்லை." இதைத் தமிழில் இணைக்கச் சொல்லுங்கள். "பெய்ததால்", "பெய்தும்", "பெய்தபோது" என்று வரும். வினையின் வாலை வட்டமிட்டு, அந்த வால் ஆங்கிலத்தில் எந்தத் தலையாக மாறுகிறது என்று பக்கத்தில் எழுத வையுங்கள். பிகாஸ், ஆல்தோ, வென். இது ஒரே வகுப்பில் முடியும் வேலை. "ஏனென்றால்" பாணி முற்றுப்புள்ளி இதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்ததை நோட்டுகளில் கண்டிருக்கிறேன்.

இந்த வழிக்குப் பின்னால் ஆய்வு வரலாறும் உண்டு. ஜான் மெலன் 1969-ல் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இலக்கணக் கலைச்சொற்களோடு சேர்த்து இதைச் செய்து பார்த்தார். அந்தக் கலைச்சொற்கள் தேவையே இல்லை என்று கருதிய ஃபிராங்க் ஓஹேர், அவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் ஏழாம் வகுப்பிலேயே நடத்திப் பார்த்து 1973-ல் முடிவை வெளியிட்டார். இணைத்துப் பழகிய பிள்ளைகளின் வாக்கிய அமைப்பு மற்றவர்களைவிட முதிர்ந்திருந்தது, எழுத்தும் மேம்பட்டிருந்தது.

செலவுகளும் உண்டு, கனமானவை. விடை ஒன்றாக இருக்காது. நாற்பது நோட்டில் முப்பது விடை இருக்கும், முப்பதும் சரியாகவும் இருக்கலாம். எது ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். விடைத்தாள் புத்தகம் உதவாது. நான் எல்லா நோட்டையும் திருத்துவதில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரே ஒரு தொகுப்பு, நான்கைந்து விடைகளை வாய்விட்டுப் படித்துப் பேசுவதோடு சரி. இன்னொரு செலவு, பிள்ளைகள் நீளத்தைத் திறமை என்று நினைத்துவிடுவது. மூன்று "விச்" போட்டு மூச்சுமுட்டும் வாக்கியம் எழுதிவிட்டுப் பெருமையாகப் பார்ப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் தலைகீழாக, நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கும் பயிற்சி கொடுத்தால் அது அடங்கும். பயிற்சியில் வரும் செய்தி பிள்ளையுடையது அல்ல என்பதும் ஒரு குறை. இரண்டு வாரம் கழித்து அவர்களுடைய கட்டுரையிலிருந்தே வாக்கியங்களை எடுத்து இணைக்கச் சொல்ல வேண்டும்.

சின்ன வாக்கியத்தைச் சரியாக எழுதத் தெரிந்தும் அதிலேயே தங்கிவிட்ட பிள்ளைக்கு இதுதான் வழி. ஒற்றை வாக்கியமே தடுமாறும் பிள்ளைக்கு இது சுமை. அவனுக்கு இன்னும் இணைக்க ஒன்றும் இல்லை.

## மாதிரி வாக்கியத்தைப் பார்த்து எழுத வைப்பது

பாடத்தில் வரும் நல்ல வாக்கியம் ஒன்றை எடுத்து, என்ன கவனித்தாய் என்று கேட்டு, அதே எலும்புக்கூட்டில் தன் செய்தியை வைத்து எழுதச் சொல்வது. "வென் த பெல் ரேங், த கர்ல் ஹூ சேட் நியர் த விண்டோ டிட் நாட் மூவ்" என்ற அமைப்பில், "வென் த லைட்ஸ் வென்ட் அவுட், த பேபி ஹூ வாஸ் கிரையிங் ஸ்டார்ட்டட் டு லாஃப்" என்று ஒருவன் எழுதினால், தானாக எழுதும்போது அதுவரை தொடாத அமைப்பு ஒன்று அவன் கைக்கு வந்துவிட்டது.

படிப்பும் எழுத்தும் ஒரே இடத்தில் சேருவது இதன் அழகு. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மைஹிலின் குழு 12, 13 வயதுப் பிள்ளைகளிடம், எழுத்துப் பாடத்துக்குள்ளேயே இலக்கணத்தை வைத்து நடத்தியபோது என்ன ஆகிறது என்று ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டது. எழுத்து மேம்பட்டது. ஆனால் ஏற்கெனவே நன்றாக எழுதுபவர்களுக்கே பலன் அதிகம் கிடைத்தது. நானும் அப்படியே கண்டேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை எலும்புக்கூட்டைப் பார்க்கும். தடுமாறும் பிள்ளை பெயரை மட்டும் மாற்றிவிட்டு வாக்கியத்தை அப்படியே திருப்பி எழுதும். ஆசிரியருக்குப் பொருத்தமான வாக்கியத்தைத் தேடும் வேலையும் சேரும். ஒரு வாக்கியம் தேட எனக்கு அரைமணி நேரம் போன நாட்கள் உண்டு. இணைத்தல் கைவந்த பிறகு, எட்டாம் வகுப்பில், வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இது நிற்கும்.

பிள்ளையின் கட்டுரையில் பிழையைச் சுட்டி, அதிலிருந்தே கற்பிக்கும் வழியையும் சிலர் கேட்கிறார்கள். துணையாக நல்லது. அதை மட்டுமே நம்பினால், சிவப்பு மையைப் பார்த்துப் பயந்த பிள்ளை பிழை வராத ஐந்து சொல் வாக்கியங்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்கிய பிள்ளையை வெளியே கொண்டுவர வெகுநாள் ஆகும்.

## ஒரே பார்வையில்

| | வரையறை, வகை பிரித்தல் | படம், எழுத்துக் குறி | இணைத்தல் | மாதிரி வாக்கியம் |
|---|---|---|---|---|
| சொந்த எழுத்தில் வருகிறதா | குறைவு | ஒற்றை வாக்கியத்தில் நன்று | மிக நன்று | நன்று, ஆனால் மெதுவாக |
| தமிழ் வேறுபாடு | தொடுவதில்லை | எழுவாய், வினை விடுபடுவதற்கு உதவும் | இணைப்புச் சொல்லுக்கு மிகவும் உதவும் | ஆசிரியர் சுட்டினால் உண்டு |
| தயாரிப்பு | குறைவு | நடுத்தரம் | குறைவு | அதிகம் |
| திருத்தம் | சுலபம் | நடுத்தரம் | கடினம், வாய்மொழியில் பாதி தீரும் | கடினம் |
| தேர்வு | நேரடிப் பயன் | ஓரளவு | வகை மாற்றும் கேள்விக்கு நன்று | கட்டுரைக் கேள்விக்கு |
| தடுமாறும் பிள்ளை | மனப்பாடத்தில் நிற்கும் | நன்கு உதவும் | அடிப்படை வந்த பிறகு | கடைசியில் |

## எந்த நோட்டுக்கு எது

பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோட்டைப் பாருங்கள். பிள்ளை தானாக எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, முற்றுவினைக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள்.

எழுவாயோ வினையோ விடுபட்டிருந்தால், வினை கடைசியில் போய் நின்றால், எழுத்துக் குறியில் தொடங்குங்கள். மூன்று நான்கு வாரம் அது மட்டும் போதும். காம்ப்ளெக்ஸ் என்ற சொல்லே அந்தப் பிள்ளையின் காதில் விழ வேண்டியதில்லை.

வாக்கியங்கள் சரியாக இருந்து, எல்லாம் ஐந்தாறு சொல்லில் முடிந்தால், அல்லது "அண்ட்"டால் மட்டுமே கோத்திருந்தால், இணைத்தல். பெரும்பாலான ஆறாம், ஏழாம் வகுப்பு நோட்டுகள் இந்த வகைதான். வகுப்பில் பலதரப்பட்ட பிள்ளைகள் இருந்து ஒரே வழியைத்தான் எடுக்க முடியும் என்றால், நான் தயங்காமல் எடுப்பது இதை. வகைப் பெயர்களை அதன் பின்னால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் வகை பிரிக்கும் பயிற்சிக்கு ஒதுக்கினால் மதிப்பெண்ணும் குறையாது.

நீண்ட வாக்கியங்கள் வருகின்றன, ஆனால் எல்லாம் ஒரே அச்சு என்றால் மாதிரி வாக்கியம்.

வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கு நாளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், மூன்று சின்ன வாக்கியங்களை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை வாயாலேயே இணைக்கட்டும். எழுதக்கூட வேண்டாம். உங்கள் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் முதலில் தமிழில் இணைத்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மதிப்பெண்ணைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. கெல்லாக் ஹன்ட் 1965-ல் பயன்படுத்தியது. முற்றுப்புள்ளியை எண்ணாமல், ஒரு முதன்மைத் தொடரையும் அதோடு ஒட்டிய சார்புத் தொடர்களையும் சேர்த்து ஓர் அலகு என்று கொண்டு, அலகுக்கு எத்தனை சொல் என்று கணக்கிட்டார். நாலாம் வகுப்பில் சராசரி 8.6, எட்டாம் வகுப்பில் 11.5, பன்னிரண்டாம் வகுப்பில் 14.4. "அண்ட்" போட்டு நீட்டினால் இந்த எண் ஏறாது. அதுதான் இதன் நயம். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளின் எண்கள் இவை, அதனால் அவற்றோடு நம் பிள்ளையை ஒப்பிட வேண்டாம். அதே பிள்ளையின் இன்றைய பக்கத்தையும் மூன்று மாதம் கழித்து எழுதும் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்.

அந்த மாணவியின் முதல் பக்கத்தில் அலகுக்கு ஐந்து சொல்லுக்கும் கொஞ்சம் மேல். இணைத்தலுக்கு மாறிய மூன்றாவது மாதம் அவள் எழுதிய பக்கத்தில் எட்டைத் தாண்டியிருந்தது. அதில் ஒரு வரி: "பிகாஸ் மை கிராண்ட்மதர் குட் நாட் ஹியர், மை பிரதர் ஹூ ஆல்வேஸ் விஸ்பர்ஸ் லேர்ன்ட் டு ஷவுட்." வகுப்பில் படிக்கச் சொன்னேன். "பிகாஸ்" அந்த முறை கமாவில் நின்று, அடுத்த தொடரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது.